கஸ்கட் மாற்றிய பிறகும் உழவு மிசினில் ஒயில் ஒழுகினால் எங்கே பார்ப்பது

காலபோக உழவு தொடங்கும் நாட்களில் எங்கள் கராஜ் படலைக்கு வருகிற மிசின்காரர் பலர் சொல்வது ஒன்றுதான்: “நேற்றுத்தான் தம்பி கஸ்கட் மாத்தினது, விடியப் பார்த்தால் பிறகும் கீழ சொட்டிக் கிடக்குது.” கையோடு இன்னொரு கஸ்கட்டும், அதாவது மூட்டில் ஒயில் கசியாமல் இரண்டு முகத்துக்கும் நடுவில் வைக்கிற தாளும், வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். கடையில் தந்தது போலி, அல்லது பூட்டினவருக்கு வேலை தெரியாது என்று வழியிலேயே முடிவுகட்டியிருப்பார்கள். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, மாங்குளம் என்று வயல் வயலாகப் போய் நான் பார்த்தவரை, இரண்டாவது கஸ்கட் போட்டதால் மட்டும் நின்ற ஒழுக்கு மிகக் குறைவு. ஒழுக்கு வேறோர் இடத்தில் இருந்திருக்கும். இல்லாவிட்டால் கஸ்கட் உட்காரும் கவர் வளைந்திருக்கும், அதுவும் இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் அடைபட்ட காற்று ஒயிலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இடத்தைக் கண்டுபிடிக்காமல் காசைச் செலவழிக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வன்னியில் அதிகம் ஓடுகிற மூன்று சிலிண்டர் மாசி பெர்குசன், டாபே வகை மிசின்களை மனதில் வைத்து எழுதியது இது. இரண்டு சில்லு லான்ட்மாஸ்டருக்கும் ஓரளவு பொருந்தும். உங்கள் மிசினில் என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம், ஆனால் முதல் தலைப்பில் உள்ளதை எல்லோரும் செய்யவேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: பார், கழுவு, பவுடர் போடு

கஸ்கட் மாற்றும்போது சிந்திய ஒயில் போல்ட் தலைகளுக்கு அடியிலும் பிளாக்கின் மடிப்புகளிலும் தங்கி நிற்கும், எஞ்சின் சூடானதும் இளகி இறங்கும், இரண்டு மூன்று நாளைக்குக்கூடச் சொட்டும். அதைப் புது ஒழுக்கு என்று நினைத்து ஸ்பனரை எடுத்து இறுக்கப் போய் நல்ல கஸ்கட்டை நசித்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

கழுவுவதற்கு முன் டோர்ச் அடித்து எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். நம்முடைய கிரவல் ரோட்டுப் புழுதி ஒயில் பட்ட இடமெல்லாம் அப்பிக்கொள்ளும், அது இந்த இடத்தில் நமக்கு உதவி. காய்ந்து செம்மண் நிறமாக இருக்கிற பகுதியும் கறுத்து ஈரமாக மினுங்குகிற பகுதியும் சந்திக்கிற ஒரு கோடு தெரியும். அந்த ஈரத்தின் ஆக மேலே இருக்கிற புள்ளியை விரலால் தொட்டுப் பாருங்கள், ஒழுக்கு தொடங்குவது அங்கேதான், அல்லது அதற்கு ஒரு சாண் முன்னால். ஒயில் கீழே இறங்கும், காற்றாடிக் காற்று அதைப் பின்னாலும் தள்ளும், அதனால் சொட்டு விழுகிற இடத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

பிறகு எஞ்சின் ஆறினதும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு களியை எடுத்து, சவுக்காரத் தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். எயார் கிளீனர் வாயையும் டைனமோவையும் பொலித்தீனால் கட்டிவிட்டுக் கழுவுவது நல்லது. காய்ந்த பிறகு சந்தேகமான மூட்டுகளில் முகப் பவுடரைத் தூவுங்கள், வீட்டில் பிள்ளைக்குப் போடுகிற பவுடர் போதும். மிசினை ஸ்டார்ட் செய்து 20 நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி டோர்ச் அடியுங்கள். வெள்ளையில் ஒயில் கறுப்புக் கோடாக இறங்கியிருக்கும், கோடு தொடங்குகிற இடம் தெளிவாகத் தெரியும். ஓடுகிற நேரத்தில் காற்றாடிப் பக்கம் கையையோ சாரத்தையோ கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, ஒயில் மட்டம். சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இந்த வகை எஞ்சினுக்கு ஏறத்தாழ 7 லீற்றர்தான் கொள்ளும். கஸ்கட் மாற்றிய கையோடு போத்தல் கணக்கில் ஊற்றி மேல்கோட்டுக்கு மேலே விட்டிருந்தால் எந்தக் கஸ்கட்டும் தாங்காது, அளவுக்கு வடித்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

டப்பெட் கவர் ஓரம் நனைந்திருந்தால்

எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடியிருப்பதுதான் டப்பெட் கவர். அதிகம் வருவது இதுதான், வீட்டிலேயே செய்து முடிக்கக்கூடியதும் இதுதான்.

முதலில் கவரின் மேலே இருக்கிற நட்டுகளைப் பாருங்கள். நட்டுக்கு அடியில் ரப்பரோ பைபரோ செம்போ ஏதோ ஒரு வாஷர் இருக்கவேண்டும். கஸ்கட்டைப் புதிதாகப் போட்டுவிட்டுப் பழைய காய்ந்த வாஷரையே திருப்பிப் போட்டிருந்தால் ஒயில் நட்டின் வழியாக மேலே வந்து கவரில் வழிந்து ஓரத்தில் தேங்கும், பார்ப்பவருக்குக் கஸ்கட் ஒழுகுவது போலத்தான் தெரியும். வாஷரை மாற்றினால் வேலை முடிந்தது.

அடுத்தது இறுக்கம். தக்கைக் கஸ்கட்டை, அதாவது கோர்க் கஸ்கட்டை, இறுக்க இறுக்க நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது நசிந்து வெளியே பிதுங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் வெடிக்கும். கையால் முட்டத் திருகி, பிறகு ஸ்பனரால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றை விட்டு எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி, கஸ்கட் கவருக்கு அடியில் சற்றே நசிவது தெரிகிற அளவுக்கு இறுக்கினால் போதும். 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவு என்பது சாதாரணக் கணக்கு, மெல்லிய தகரக் கவருக்கு அதிலும் குறைவு. டோர்க் ரெஞ்ச் இல்லாதவர் ஸ்பனரின் நுனியில் பிடிக்காமல் தலைக்குக் கிட்டப் பிடித்து இறுக்குங்கள், கை தானாக மெதுவாகிவிடும்.

இவ்வளவும் சரி, ஆனால் ஒழுகுகிறது என்றால் கவரைக் கழற்றத்தான் வேண்டும். கஸ்கட்டைப் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லும். சுற்றிலும் ஒரே அளவு அச்சு விழுந்திருந்தால் அது நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் அச்சே இல்லாமலும் இருந்தால் கவர் வளைந்திருக்கிறது. கவரைக் கவிழ்த்து ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வையுங்கள், பழைய யன்னல் கண்ணாடி போதும். நாலு மூலையையும் விரலால் அழுத்தினால் எங்கே ஆடுகிறது என்று தெரியும், ஓரத்துக்குக் கீழே ஒரு கடதாசியைச் செருகிச் சுற்றிக்கொண்டு போனால் அது நுழைகிற இடம்தான் ஒழுகுகிற இடம். தகரக் கவரில் பெரும்பாலும் போல்ட் ஓட்டைகள்தான் உள்ளே குழிந்திருக்கும், முன்பு யாரோ இறுக்கிய இறுக்கம். மரக்கட்டையின்மேல் ஓரத்தை வைத்து சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டிச் சமப்படுத்தலாம். அவசரப்படாதீர்கள், நாலு தட்டுக்கு ஒருமுறை கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். வார்ப்பு அலுமினியக் கவராக இருந்தால் தட்டவே கூடாது, அது வெடிக்கும். அதை லேத்துக்குக் கொண்டுபோய் முகம் எடுக்க, அதாவது சீவிச் சமப்படுத்த, கொடுங்கள்.

பூட்டுவதற்கு முன் இரண்டு முகமும் சுத்தமாக இருக்கவேண்டும். மண்ணெண்ணெயால் துடைத்தது சுத்தம் ஆகாது. மண்ணெண்ணெய் காய்ந்தாலும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும், மூட்டில் பூசுகிற சிலிக்கன் பசை அதில் ஒட்டாது. கடைசியாகப் பெற்றோலோ தின்னரோ நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும், பக்கத்தில் பீடி சுருட்டு இல்லாமல். பழைய கஸ்கட் துணுக்கைச் சுரண்டும்போது வால்வுப் பக்கம் விழாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

சிலிக்கன் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குழாயையே பிழிந்து விடுகிற பழக்கம் நம் ஊரில் பரவிவிட்டது, பார்க்கவே வயிறு எரிகிறது. வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துண்டுகள் கழன்று எஞ்சின் அடியில் ஒயில் தங்கும் சட்டியான சம்ப்புக்குள் விழுந்து ஒயில் பம்பின் வடிகட்டியில் போய் அடைத்தால் பேரிங்குக்கு ஒயில் போகாது, ஒரு கஸ்கட் வேலை எஞ்சின் வேலையாக முடியும். தக்கையும் ரப்பரும் போடுகிற இடத்தில் பெரும்பாலும் சிலிக்கன் வேண்டாம். கவர் பக்கம் மட்டும் ஒட்டி நிற்பதற்காகக் கொஞ்சம் தடவலாம், எஞ்சின் பக்கம் வெறுமனே விடுங்கள். சிலிக்கன் மட்டும் போடும் மூட்டானால் 2, 3 மில்லிமீற்றர் கோடு போதும், போல்ட் ஓட்டையின் உள்பக்கமாகச் சுற்றி வரவேண்டும். கையால் முட்டப் பூட்டி ஒரு மணித்தியாலம் விட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பின்னேரம் பூட்டி அன்றிரவே உழவுக்கு இறக்கினால் ஒழுகத்தான் செய்யும்.

பூட்டிய அன்று காய்ந்து இருந்தது, உழவில் இறங்கியதும் ஒழுகுகிறது

சும்மா நிற்கும்போது ஒரு சொட்டும் இல்லை, கலப்பை மண்ணில் இறங்கி எஞ்சின் முக்கினால் ஒழுகுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் ஒரே நேரத்தில் கசியும். இப்படியானால் கஸ்கட்டை விடுங்கள், ப்ரீதர் குழாயைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேருகிற காற்று வெளியே போக இருக்கிற ஒரே வழி அது.

முத்தையன்கட்டுப் பக்கம் ஓர் அண்ணை ஒரே போகத்தில் டப்பெட் கவருக்கு மூன்று கஸ்கட் மாற்றிவிட்டார், மூன்றாவதை வவுனியா வரை போய் ஒறிஜினல் என்று சொல்லி வாங்கி வந்திருந்தார். நான் போனபோது மனிசன் மிசினோடு பேச்சே இல்லாமல் வரம்பில் குந்தியிருந்தார். ப்ரீதர் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன், காற்றுப் போகவில்லை. சைக்கிள் கம்பியை விட்டு இழுத்தால் சாம்பல் நிற மண் உருண்டை உருண்டையாக வந்தது, அதற்குள் காய்ந்த புழுவும் சிலந்தியும். குளவிக் கூடு. சிறுபோகம் முடிந்து இரண்டு மாதம் கொட்டிலில் நின்ற மிசினில் குளவி மண் குழைத்துக் கூடு கட்டியிருக்கிறது. குழாயைப் பெற்றோல் விட்டுக் கழுவிப் பூட்டினோம். பழைய கஸ்கட் அப்படியே இருக்க ஒழுக்கு நின்றது. “மூண்டு கஸ்கட் காசு, தம்பி” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று கஸ்கட்டும் நல்ல கஸ்கட்தான்.

சேற்றுழவில் இரும்புச் சில்லு அடிக்கிற சேறும் குழாயின் வாயை அடைக்கும். போகத்துக்கு ஒருமுறை கழற்றி ஊதிப் பாருங்கள், காசு செலவில்லாத வேலை.

ப்ரீதர் திறந்திருக்கிறது, ஆனாலும் ஒழுக்கு உழவில்தான் வருகிறது என்றால் ரிங் தேய்ந்து பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். எஞ்சின் சூடாக மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த வாயின்மேலேயே சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பயமில்லை. துள்ளி விழுந்தால், அல்லது வாயிலிருந்து புகை குபுகுபு என்று வந்தால், ரிங்கும் சிலிண்டரும் பார்க்கவேண்டிய காலம். நீல நிறப் புகையும், ஒயில் குடிப்பதும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, எஞ்சின் பிரிக்கிற மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதுவரை ஒயில் மட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு ஓட்டலாம்.

ஸ்டார்ட் செய்த உடனேயே கொட்டினால்

சொட்டு அல்ல, தாரையாக வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒயில் அழுத்தத்தோடு போகிற இடத்தில்தான் இப்படி வரும், சம்ப் கஸ்கட்டிலோ டப்பெட் கவரிலோ இப்படி வராது. கஸ்கட்டோடு ஒயிலும் பில்டரும் மாற்றியிருப்பீர்கள், அங்கே பாருங்கள். பழைய பில்டரின் ரப்பர் வளையம் பில்டர் பூட்டும் தலையிலேயே ஒட்டி நின்றுவிடும், அதைக் கவனிக்காமல் புது வளையத்தை அதன்மேல் வைத்துப் பூட்டியிருப்பார்கள். கழற்றி, விரலை விட்டுப் பள்ளத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு வளையம்தான் இருக்கவேண்டும், அதில் கொஞ்சம் ஒயில் பூசிப் பூட்டுங்கள். ஒயில் அழுத்தக் காட்டிக்குப் போகிற மெல்லிய குழாயின் நட்டையும் பாருங்கள், வேலை செய்யும்போது கை பட்டு விரிசல் விட்டிருக்கலாம்.

சம்ப் அடியில் சொட்டினால்

மேலே எல்லாம் காய்ந்து, அடியில் மட்டும் ஈரம் என்று பவுடர் சொன்ன பிறகுதான் இங்கே வரவேண்டும்.

வடிக்கும் நட்டின் செம்பு வாஷர்தான் எளிய காரணம். பலமுறை நசிந்த செம்பு கெட்டியாகிவிடும். புதிது கிடைக்காத நேரத்தில் அடுப்பில் செக்கச் செவேல் என்று பழுக்கவைத்துத் தண்ணீரில் போட்டால் செம்பு மென்மையாகிவிடும், எமரி பேப்பரில் இரண்டு பக்கமும் தேய்த்துத் திருப்பிப் போடலாம். நட்டின் புரி கழன்றிருந்தால் மேலும் இறுக்காதீர்கள், லேத்தில் பெரிய புரி வெட்டித் தருவார்கள்.

சம்ப் கஸ்கட்டையே மாற்றியிருந்தும் முன் மூலையிலோ பின் மூலையிலோ மட்டும் ஒழுகினால், நீளக் கஸ்கட்டும் முனையில் வைக்கிற தக்கைத் துண்டும் சந்திக்கிற இடம் அது. சிலிக்கன் உண்மையில் வேண்டிய இடம் இந்த நாலு மூலைதான், ஒரு பட்டாணி அளவு. பலர் இங்கே விடாமல் மற்ற இடமெல்லாம் விடுவார்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் காட்டுக்குள்ளிருந்தும் வளவுகளிலிருந்தும் எடுத்துக் கூட்டிய பழைய மிசின்கள் இன்னும் ஓடுகின்றன. மழையில் மாதக்கணக்காகத் திறந்து கிடந்த எஞ்சினின் முகத்தில் துருக் குழிகள் இருக்கும், நகத்தால் இழுத்தால் தட்டுப்படும். அதில் கடதாசிக் கஸ்கட் நிற்காது. குழியைச் சுத்தமாக்கிச் சிலிக்கன் மெல்லப் பூசித்தான் பூட்டவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வார்ப்பிரும்புச் சம்ப் பாரமானது, சில மிசின்களில் முன்பக்கச் சுமையின் பங்கையும் அது தாங்குகிறது. ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். கட்டை அடுக்கி, இன்னொருவர் பக்கத்தில் நிற்காமல் சம்ப்பைக் கழற்றவேண்டாம். வடித்த ஒயிலைப் பேணியில் பிடித்து வையுங்கள், வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள்.

காற்றாடிப் பெல்ட் பக்கம் நனைந்திருந்தால்

எஞ்சினின் முன்பக்கத்து மூடியான டைமிங் கவரின் கஸ்கட் மாற்றியவர்களுக்கு வரும் தொல்லை. கவரைக் கழற்றிப் பூட்டும்போது நடுவில் இருக்கிற ஒயில் சீலை, அதாவது சுழலும் தண்டைச் சுற்றி ஒயிலை மறிக்கிற வளையத்தை, பழையதாகவே விட்டிருப்பார்கள், அல்லது புது சீலின் உதட்டுக்கு ஒயில் பூசாமல் காய்ந்தபடி புலியை, அதாவது பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, ஏற்றி உதட்டைக் கிழித்திருப்பார்கள். பெல்ட்டும் முன்பக்கமும் வட்டமாகத் தெறித்திருந்தால் சீல், கவரின் ஓரத்தில் கோடாக வழிந்தால் கஸ்கட். புலியின் தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீல் போட்டாலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும். சீலை ஒரு மில்லிமீற்றர் இரண்டு மில்லிமீற்றர் தள்ளி அடித்தால் புது இடத்தில் பிடிக்கும், அதுவும் முடியாவிட்டால் லேத்தில் ஸ்லீவ் போட்டுத்தான் எடுக்கவேண்டும். எண்ணெய் பட்ட பெல்ட்டைச் சவுக்காரத்தால் கழுவுங்கள், வழுக்கினால் எஞ்சின் சூடேறும்.

கிளச் வீட்டின் அடி ஓட்டையில் சொட்டினால்

எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேரும் இடத்துக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஒரு பிளவுப் பின்னும் இருக்கும். பலர் இதைச் சம்ப் ஒழுக்கு என்று நினைத்துச் சம்ப் கஸ்கட்டை மாற்றிவிட்டு, பிறகு குறையாததைக் கண்டு வருவார்கள். அந்தப் பின்னைப் பிடுங்கிவிடாதீர்கள், ஓட்டையைக் கட்டை வைத்து அடைக்கவும் வேண்டாம். அடைத்தால் ஒயில் உள்ளே தேங்கிக் கிளச் தட்டில் ஏறும், கிளச் வழுக்கத் தொடங்கும்.

சொட்டை ஒரு வெள்ளைக் கடதாசியில் பிடியுங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சினின் பின் சீல். தேன் நிறமாக இருந்தால் கியர்ப் பெட்டிப் பக்கம். அதற்கு முன் எஞ்சினின் பின்பக்கம் மேலேயிருந்து எதுவும் வழிந்து உள்ளே போகவில்லை என்பதைப் பவுடரால் உறுதி செய்துகொள்ளுங்கள், டப்பெட் கவரின் பின் மூலை ஒழுக்கு இங்கே வந்து சொட்டுவது உண்டு. உண்மையிலேயே பின் சீல்தான் என்றால் மிசினை நடுவில் இரண்டாகப் பிரிக்கவேண்டும், செயின் பிளாக்கும் ஸ்டாண்டும் ஆட்களும் வேண்டும். இது வீட்டு முற்றத்து வேலையல்ல. ஒரு நாளைக்குச் சில சொட்டுத்தான், கிளச்சும் நன்றாகப் பிடிக்கிறது என்றால், ஒயில் ஊற்றி ஊற்றி இந்தப் போகத்தை முடித்துவிட்டு, கிளச் தட்டு மாற்றும்போது இதையும் சேர்த்துச் செய்யக் கொடுங்கள். பிரிக்கிற கூலி ஒருமுறையோடு போகும்.

ஒழுகியும் ஒயில் மட்டம் குறையாமல் கூடினால்

டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோங்கள். டீசல் மணம் அடித்தால், டீசலை இழுத்துக் கொடுக்கிற லிப்ட் பம்பின் உள்ளே ரப்பர் தாள் கிழிந்திருக்கக்கூடும். டீசல் அதன் வழியாகச் சம்ப்புக்குள் இறங்கும், ஒயில் தண்ணீராகும், நேற்றுவரை ஒழுகாத மூட்டெல்லாம் ஒழுகும். இந்த ஒயிலோடு ஓட்டினால் பேரிங் போகும், நிறுத்துங்கள். லிப்ட் பம்பை மாற்றி, ஒயிலும் பில்டரும் புதிதாகப் போட்டுப் பாருங்கள். பம்ப் புதிதாக இருந்தும் மட்டம் ஏறினால் இன்ஜெக்டர் பம்ப் பக்கத்துக் கோளாறு, அதைத் தொடாதீர்கள், பம்ப் வேலை செய்கிற இடத்துக்குக் கொடுங்கள்.

ஹெட் கஸ்கட் மாற்றிய பிறகு ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிந்தால்

முதலில் மேலே டப்பெட் கவரிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள், பல தடவை அதுதான். இல்லை, நடுக்கோட்டில்தான் பவுடர் நனைகிறது என்றால், பழைய எஞ்சின்கள் பலவற்றில் எஞ்சினைச் சூடாக ஓட்டிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முறைப்படி இறுக்கவேண்டும், அது செய்யப்பட்டதா என்று பூட்டினவரைக் கேளுங்கள். இதற்கு டோர்க் ரெஞ்ச்சும் இறுக்கும் வரிசையும் கட்டாயம், இறுக்கிய பிறகு டப்பெட் இடைவெளியையும் திரும்ப வைக்கவேண்டும். இரண்டும் கையில் இல்லாதவர் இதைச் செய்யவேண்டாம்.

ரேடியேற்றர் மூடியைத் திறந்தால், எஞ்சின் ஆறிய பிறகு மட்டும், தண்ணீரில் ஒயில் மிதக்கிறதா? டிப்ஸ்டிக்கில் ஒயில் பால் தேத்தண்ணி நிறமாக இருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் இன்னொருமுறை ஸ்டார்ட் செய்யாதீர்கள், கராஜ் வரை ஓட்டிப் பார்ப்போம் என்றுகூட வேண்டாம். ஹெட் வளைந்திருக்கலாம், வெடித்திருக்கலாம், அதைக் கழற்றி நேர்விளிம்பு வைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு மிசினில் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். போகும்போது கழற்றிய பழைய கஸ்கட்டையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால், எந்த இடத்தில் எரிந்திருக்கிறது என்று மெக்கானிக் அதில் பார்த்துக்கொள்வார்.